காது மிஷின் வாங்கப் போன இரண்டு இடங்கள்

நான் வாங்கியது காதுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, மெல்லிய கம்பி ஒன்றின் நுனியில் மிகச் சிறிய ஒலிபெருக்கியைக் காதுத் துளைக்குள் அனுப்பும் வகையைச் சேர்ந்த கருவி. இரண்டு காதுக்கும் சேர்த்து 68,000 ரூபாய் ஆயிற்று. விற்பவர்கள் இதற்கு ஆர்.ஐ.சி. என்று பெயர் சொல்கிறார்கள். எங்கள் மந்தைவெளித் தெருவில் எல்லா வகைக்கும் ஒரே பெயர்தான்: காது மிஷின். ஐந்து மாதமாக அணிந்து வருகிறேன். கருவியைப் பற்றி மட்டும் எழுதுவதானால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். வாங்கப் போன இடங்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது; ஏனென்றால் இது புடவையைப் போலப் பிடித்ததை எடுத்துக் கட்டிக்கொள்ளும் சரக்கு அல்ல, விற்பவர் நம்மை எப்படிப் பார்க்கிறாரோ அப்படித்தான் நம் காதில் வந்து உட்காருகிறது.

எனக்கு வயது 72. நாற்பது ஆண்டுக்குக் குறையாமல் அச்சகங்களிலும் பதிப்பகங்களிலும் பிழை திருத்தியிருக்கிறேன். ஒருவர் மூலப்படியை உரக்க வாசிக்க, மற்றவர் அச்சுப்படியில் விரலை ஓட்டிக்கொண்டே போவது எங்கள் பழைய முறை. முக்கியமான நூல்களுக்கு இன்றும் அதைவிட நல்ல முறை இல்லை என்பது என் கட்சி. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, என்னோடு உட்கார்ந்த இளம்பெண் ‘தடை’ என்று வாசித்தால் எனக்குப் ‘படை’ என்று கேட்கத் தொடங்கியது. அச்சுப்படியில் சரியாக இருக்கும் சொல்லை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். முதலில் இருவரும் சிரித்தோம். பிறகு அவள் சிரிக்கவில்லை. சில வாரங்களில் அந்தப் பதிப்பகத்திலிருந்து தொலைபேசி வந்தது: “எதுக்கும்மா உங்களுக்குச் சிரமம், நீங்க ரெஸ்ட் எடுங்க.” காது என்று யாரும் சொல்லவில்லை, வயது என்றும் சொல்லவில்லை. சிரமம் என்ற சொல் இரண்டுக்கும் சேர்த்து வேலை செய்துவிட்டது.

முதுமையில் வரும் கேட்புக் குறைவு எல்லா ஒலியையும் ஒரே அளவாகக் குறைப்பதில்லை. உட்காதில் உள்ள நுண்ணிய மயிரணுக்களில், உயர்ந்த அதிர்வெண்ணுக்கு உரியவைதாம் முதலில் கெடுகின்றன. உயிரெழுத்தின் ஒலி தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் அது காதில் விழும். சொல்லை இன்னதென்று காட்டிக்கொடுக்கும் வல்லினமும் ‘ஸ’, ‘ஷ’ போன்றவையும் நழுவிவிடும். எனவே எங்களைப் போன்றவர்கள் “கேட்கிறது, ஆனால் புரியவில்லை” என்று சொல்வது சாக்குப்போக்கு அல்ல. கத்திச் சொன்னாலும் பயனில்லை. மெல்லிய ஒலி கேட்காத அதே காதுக்கு உரத்த ஒலி மற்றவர்களுக்கு வலிப்பதைப் போலவே, சில நேரம் அதற்கு மேலும், வலிக்கும். இந்தச் செய்தியை வேறு எங்கும் தெரியாவிட்டாலும் காது மிஷின் விற்கும் கடையில் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் தியாகராய நகரில் இருந்த பெரிய கடைக்கு மகளோடு போனேன்.

கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய கூடம், சுவர் முழுக்க வெள்ளி முடியோடு சிரிக்கும் வெளிநாட்டு முதியவர்களின் படங்கள். அந்தப் படங்களில் இருப்பவர்கள் படகு ஓட்டுகிறார்கள், பேரக்குழந்தையைத் தோளில் தூக்குகிறார்கள், கடற்கரையில் ஓடுகிறார்கள். கீழே உட்கார்ந்திருந்த எங்களுக்கு அப்படி எந்த வேலையும் இருக்கக்கூடும் என்று அங்கிருந்தவர்களுக்குத் தோன்றவில்லை. கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர் ஒருவர் வந்தார். என்னைப் பார்த்து ஒரு புன்னகை, பிறகு என் மகளைப் பார்த்து, “பாட்டிக்கு எவ்ளோ நாளா மேடம் கேக்கல?” என்றார். பாட்டி என்று அழைத்ததில் எனக்குக் குறையில்லை. பேரன் வயதுப் பிள்ளை வேறெப்படி அழைக்கும்? ஆனால் ஒரே மூச்சில் நான் பாட்டி ஆகவும் மகள் மேடம் ஆகவும் ஆனதில், வாடிக்கையாளர் யார் என்பது தீர்ந்துபோயிற்று. “அவங்களையே கேளுங்க” என்றாள் மகள். அவர் என் பக்கம் குனிந்து, கூடம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, “பாட்டீ, எவ்ளோ நாளா?” என்று கத்தினார். பதில் சொன்னேன். அதையும் மகளைப் பார்த்தபடியே எழுதிக்கொண்டார்.

பரிசோதனை பத்து நிமிடத்தில் முடிந்தது. தலையில் ஹெட்ஃபோன் மாட்டிய அறையில் குளிர்சாதனம் இரைந்துகொண்டிருந்தது. கதவுக்கு வெளியே யாரோ காபி ஆர்டர் செய்வதுகூட எனக்குக் கேட்டது, அதாவது அவ்வளவு சத்தம். வந்த வரைபடத்தை மகளிடம் காட்டி விளக்கினார்கள். அடுத்துத்தான் அந்தக் கேள்வி வந்தது. “பாட்டி வீட்லதானே மேடம் இருப்பாங்க? மீட்டிங் அது இதுன்னு வெளிய போறது இல்லேல்ல? அப்ப ஒரு காதுக்குப் போட்டாலே போதும். இந்த வயசுக்கு இந்த மாடல் தாராளம்.”

அடுத்த மேசையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தனியாக வந்திருந்தார். அவரிடம் என்ன வேலை, எத்தனை பேர் கூடிப் பேசும் இடம், எந்தக் கைபேசி, பாட்டுக் கேட்பாரா, வண்டி ஓட்டுவாரா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கைபேசிச் செயலியைத் திறந்து காட்டினார்கள். எனக்கும் கைபேசி இருக்கிறது, பாட்டுக் கேட்பேன். வண்டிதான் ஓட்டத் தெரியாது. என்னிடம் அந்தக் கேள்விகளில் ஒன்றுகூட வரவில்லை. இரண்டு காதும் குறைந்தவர் இரண்டிலும் அணிந்தால்தான் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும், இரைச்சலுக்கு நடுவே பேச்சும் ஓரளவு பிடிபடும் என்பது அந்தத் தொழிலில் அரிச்சுவடிப் பாடம். அது நாற்பதுக்கு ஒரு விதமாகவும் எழுபத்திரண்டுக்கு வேறு விதமாகவும் மாறாது.

அந்தப் பிள்ளை எங்களுக்குப் பணத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கத்தானே பார்த்தார் என்று மகள் வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள். நியாயமான கேள்விதான், அதை இரண்டு நாள் யோசித்தேன். எவ்வளவு செலவழிக்க முடியும் என்று அவர் கேட்டிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். அவர் அதைக் கேட்கவில்லை. இந்த உயிருக்கு இனி எவ்வளவு காது தேவைப்படும் என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டு, விடையை மட்டும் என் மகளிடம் சொன்னார்.

இதற்கு ஒரு பெயர் உண்டு. 1969-இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஆங்கிலத்தில் அதற்கென்று ஒரு சொல்லை உருவாக்கினார். தமிழில் வயதுப் பாகுபாடு என்கிறோம். உலகில் இரண்டு பேரில் ஒருவருக்கு முதியவர்களைக் குறித்து இத்தகைய எண்ணம் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஆனால் பாகுபாடு என்றதும் வெறுப்பை நினைத்துக்கொள்கிறோம். நம் ஊரில் அது பெரும்பாலும் அன்பின் குரலில்தான் வருகிறது. “உங்களுக்கு எதுக்குப் பாட்டி இதெல்லாம்” என்பவர் நம்மை வெறுப்பவர் அல்ல. மாநகரப் பேருந்தில் அறுபது வயது தாண்டியவர்களுக்கு 2016 பிப்ரவரி முதல் மாதம் 10 இலவச டோக்கன் தருகிறார்கள். நானும் பணிமனையில் வரிசையில் நின்று வாங்குகிறேன், நன்றியோடுதான் வாங்குகிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் விரல்விட்டு எண்ணத் தோன்றும்: போக ஒன்று, வர ஒன்று என்றால் மாதத்தில் ஐந்து நாள். ஒரு கிழவிக்கு மாதத்தில் ஐந்து நாள் வெளியே போக வேலை இருந்தால் தாராளம் என்று எங்கோ ஒரு மேசையில் முடிவாகியிருக்கிறது. இலவசத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்றால் வீடே பதறுகிறது. பேச்சு வராமல் போய்விடுமே என்று ஒரு மாதத்தைக்கூட வீணாக்குவதில்லை, அது சரியும்கூட. முதியவருக்குக் காது கேட்கவில்லை என்றால் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிவைக்கிறோம். அறுபது வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்குக் கேட்புக் குறைவு இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மறதிநோய்க்கு வழி வகுக்கும், ஆனால் நம்மால் சரிசெய்துகொள்ளக்கூடிய காரணங்களில் கேட்புக் குறைவும் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் குழு 2017, 2020, 2024 என மூன்று முறை எழுதிவிட்டது. இருந்தும் “இனிமே கேட்டு என்ன ஆகப்போகுது” என்று சொல்லாத வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. சொல்பவர்களில் பாதிப் பேர் முதியவர்களே என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும். நானே அப்படித்தான் ஓராண்டைக் கழித்தேன்.

இரண்டாவது இடத்தைக் காட்டியவர் காது மூக்குத் தொண்டை மருத்துவர். கடைக்கு நேராகப் போகாமல் முதலில் அவரிடம் போயிருக்க வேண்டும். குறும்பி அடைத்திருந்தாலும் சீழ் பிடித்திருந்தாலும் அதைச் சரிசெய்யாமல் எடுக்கும் அளவு எதுவும் செல்லாது. எனக்கு வலது காதில் குறும்பி எடுத்தார்கள். பிறகு மயிலாப்பூரில், தெப்பக்குளத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கும் சிறிய மையத்துக்கு அனுப்பினார். இரண்டு இடங்களின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. முதலாவதை எழுதினால் அந்தப் பிள்ளையின் வேலைக்கு ஆபத்து. இரண்டாவதை எழுதக் கூடாததற்குக் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அங்கே இருந்த ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்புத் திறனை அளந்து கருவி பொருத்தும் நிபுணர், முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்தார். நீங்கள் எங்கே போனாலும் அதைத் தேடிப் பாருங்கள். என் மகளைச் சற்றுப் பின்னால் போட்டிருந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார். எனக்கு நேர் எதிரே, முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்து, கத்தாமல், சொற்களை விழுங்காமல் கேட்டார்: “உங்களுக்கு யாரோட பேச்சு, என்ன சத்தம் கேக்கணும்னு ஆசைம்மா?” கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நான் யோசித்துச் சொல்வதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். அதுவரை அவர் பின்னால் இருந்த மகளை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. மூலப்படி வாசிப்பவரின் குரல், கச்சேரியில் தம்புரா, 29சி பேருந்தில் நடத்துநர் சொல்லும் நிறுத்தத்தின் பெயர் என்று மூன்றைச் சொன்னேன். மூன்றையும் எழுதிக்கொண்டார்.

ஒலி புகாத அறையில் முக்கால் மணி நேரம் சோதனை நடந்தது. 250 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த அதிர்வெண்ணில் தொடங்கி 8,000 வரைக்கும் ஒவ்வொரு ஒலியாகக் கொடுத்து, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். அதற்குப் பிறகு, முதல் கடையில் செய்யாத ஒன்றைச் செய்தார்: தமிழ்ச் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைத்தார். படம், கடல், தவளை என்று வரும். நான் ஒன்றுக்கு இன்னொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். எந்த எழுத்து எந்த எழுத்தாகிறது என்று அவர் குறித்துக்கொண்ட தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பிழை திருத்திய படியைப் போலவே இருந்தது. நாற்பது ஆண்டு பிறர் எழுத்தில் நான் செய்த வேலையை ஒருத்தி என் காதில் செய்திருந்தாள்.

என் சராசரிக் குறைவு 48 டெசிபல். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி இரு காதிலும் 60 டெசிபலை எட்டினால்தான் கேட்புக் குறைவு ஒரு குறைபாடாகக் கணக்கில் வரும். எனவே அடையாள அட்டைக்கும் வழியில்லை. என் மருத்துவக் காப்பீட்டிலும் இதற்கு இடமில்லை. சட்டத்தின் கண்ணில் எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது. ஒரே ஆறுதல், காது மிஷினுக்குச் சரக்கு சேவை வரி கிடையாது என்பது. பில்லில் போட்டிருந்தால் கேளுங்கள்.

விலையைப் பற்றி அவர் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. நான்கு படிநிலைகளைக் காட்டி, மேலே போகப் போகக் கூட்ட இரைச்சலில் பேச்சைப் பிரித்தெடுக்கும் திறமைதான் கூடுகிறது, அமைதியான அறையில் பெரிய வேறுபாடு தெரியாது என்றார். “நீங்க கச்சேரிக்குப் போறதால இதுக்குக் கீழ வேணாம். இதுக்கு மேல போறது உங்க இஷ்டம், போகலேன்னாலும் ஒண்ணும் குறைஞ்சிடாது.” பத்து நாள் அணிந்து பார்த்துத் திருப்பிக் கொடுக்கவும் இடம் தந்தார். கருவியைப் பொருத்திய அன்று காதுத் துளைக்குள் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, உள்ளே உண்மையில் எவ்வளவு ஒலி போகிறது என்று அளந்து சரிசெய்தார். இதைச் செய்யாத இடத்தில் எவ்வளவு விலை உயர்ந்த கருவி வாங்கினாலும் பாதிப் பணம் வீண்.

இனிக் கருவி. முதல் வாரம் எரிச்சல்தான். குழாயடியில் எவர்சில்வர் பாத்திரம் உருளும் ஒலி மண்டையைப் பிளந்தது. என் புடவை இவ்வளவு சலசலக்கும் என்பதை மறந்தே போயிருந்தேன். மூளை பழகுவதற்காக வேண்டுமென்றே ஒலியைக் குறைத்து வைத்து, நான்கு முறை வரவழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். ஆறாவது வாரத்தில் சொற்கள் நிலைக்கு வந்தன. பேருந்தில் இன்னும் முழு வெற்றி இல்லை. நடத்துநரின் விசில் கேட்கிறது, நிறுத்தத்தின் பெயர் கேட்பதில்லை. அது கருவியின் குற்றமா நடத்துநரின் குற்றமா என்பது எனக்குத் தெளிவாகவில்லை.

இசைக்கு இந்தக் கருவிகள் பேச்சைப் போல ஒத்துழைப்பதில்லை. இடைவிடாமல் ஒரே நிலையில் நிற்கும் ஒலியை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அது தாழ்த்திவிடும். அல்லது கருவி தானே சில நேரம் எழுப்பும் சீழ்க்கை என்று நினைத்து அடக்கப் பார்க்கும். தம்புராவின் தொழிலே இடைவிடாமல் ஒரே நிலையில் நிற்பதுதான். மார்கழியில் முதல் கச்சேரியில் சுருதி நீருக்கடியிலிருந்து வருவதுபோல நெளிந்தது. மறுநாள் போய்ச் சொன்னேன். இசைக்கென்று தனியாக ஒரு நிலையை அமைத்து, இரைச்சல் குறைப்பையும் சீழ்க்கை அடக்குவதையும் அதில் நிறுத்திவைத்தார். கைபேசியில் ஒரு தொடுதலில் மாற்றிக்கொள்கிறேன். பாட்டிக்குச் செயலி எதற்கு என்று யாராவது கேட்டால், இதற்குத்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சென்னை வியர்வைக்கும் கடற்காற்றுக்கும் இது ஏற்ற பொருள் அல்ல. தினமும் இரவில் ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவுக்குள் வைத்தாக வேண்டும், மறந்தால் காலையில் கரகரக்கும். பழுப்பு வில்லை ஒட்டிய 312 எண் பேட்டரி ஒரு வாரம் வருகிறது. வில்லையைப் பிரித்து, காற்றுப்பட ஒரு நிமிடம் வைத்திருந்து, பிறகு போட வேண்டும். பட்டாணியைவிடச் சின்னதை நடுங்கும் விரலால் பிடிப்பது எளிதல்ல. ஒவ்வொரு காதிலும் தோடு, மூக்குக் கண்ணாடியின் காம்பு, இந்தக் கருவி என்று மூன்றும் இடம் பிடிக்கச் சண்டையிடுகின்றன. பெட்டியோடு வந்த தமிழ் விளக்கத் தாள் கடுகைவிடச் சின்ன எழுத்தில் இருக்கிறது. வாங்குபவர்களில் பெரும்பாலோர் யார் என்று தெரிந்திருந்தும் அப்படி அச்சிட்டவர்களை என்ன சொல்வது? அதில் ‘செவிப்புலன்’ என்பதில் ஒற்றைக் காணவில்லை. ‘பேட்டரியை கழட்டவும்’ என்று வேறு இருந்தது. ஒன்றரைப் பக்கத்தில் இருபத்து மூன்று பிழை.

மையத்தின் மேல் எனக்குள்ள பெரிய குறை படிக்கட்டு. பத்தொன்பது படி, மின்தூக்கி இல்லை, வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் என் வயதுக்காரர்கள். கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், அதுவும் இறங்கும்போது இடது கைக்கு வரும். இவ்வளவு நன்றாகக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் முழங்காலைப் பற்றி யாரையும் கேட்கவில்லை. சொன்னேன், வாடகைக் கட்டடம், பார்க்கிறோம் என்றார்கள். மறுபக்கக் கைப்பிடி இன்னும் வரவில்லை.

பழைய பதிப்பகத்துக்கு நானே தொலைபேசி செய்து, இப்போது நன்றாகக் கேட்கிறது என்று சொன்னேன். கருவி வழியாகவே நேரே காதுக்குள் வருவதால் எதிர்முனையில் நாற்காலி நகர்வதுகூடக் கேட்டது. “சந்தோஷம்மா, தேவைன்னா கூப்பிடறோம்” என்றார். தொலைபேசியை வைப்பதற்குள் பக்கத்தில் யாரோ யார் என்று கேட்க, “அந்தப் பெரியம்மாதான்” என்று சொன்னதும் தெளிவாகவே கேட்டது. இதுவரை கூப்பிடவில்லை.

அந்த விளக்கத் தாளைச் சிவப்பு மையில் திருத்தி, போன மாதம் போனபோது ஆடியாலஜிஸ்டிடம் கொடுத்தேன். உற்பத்தியாளருக்கு அனுப்பிப் பயனில்லை, ஆனால் எங்கள் மையத்திலேயே நோயாளிகளுக்குப் பெரிய எழுத்தில் தமிழ்க் குறிப்பேடு ஒன்று அச்சிட நினைத்திருக்கிறோம், நீங்கள் பார்த்துத் தருவீர்களா என்று கேட்டார். சரி என்றேன். “பக்கத்துக்கு எவ்ளோம்மா வாங்குவீங்க?” என்று உடனே கேட்டார். கடைசியாக வாங்கிய கூலியைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். ஆக, நான் இங்கே புகழ்ந்திருக்கும் இடத்திலிருந்து எனக்கு இப்போது கூலி வருகிறது; இதைச் சொல்லாமல் விட்டால் இந்த விமர்சனம் நேர்மையாகாது, பெயரை எழுதாததற்கும் இதுவே காரணம். கூலி வாங்கப் போகும்போதும் அதே பத்தொன்பது படிதான்.